நாலு நிறச் சீட்டும் ஒரு தபால் உறையும்

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019 நவம்பர் 29 அன்று. அடுத்த மாதமே மாநிலத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு எல்லைகளைச் சரிசெய்த பிறகு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இங்கும் இன்னும் எட்டு மாவட்டங்களிலும் பெட்டி வரவில்லை. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் இரண்டு கட்டமாக நடந்தது. எட்டு ஒன்றியங்கள், 359 ஊராட்சிகள்.

ஊராட்சித் தேர்தலில் இயந்திரம் கிடையாது. ஒருவர் கையில் நாலு சீட்டு தருவார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் இருக்காது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று போகும். பின் இரண்டில் கட்சிச் சின்னம். நாலிலும் முத்திரை குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போட வேண்டும். எண்ணும் இடத்தில் பெட்டியைக் கொட்டி, முதல் வேலையாக நிறம் பிரிக்கிறார்கள். மடிப்பைப் பிரிக்கவே பாதி நாள் போய்விடும்.

இந்த நாலு சீட்டையும் தபாலில் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? சில நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

யோசனை வெளியூரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பல உள்ளாட்சிகள் வாக்குச்சாவடியையே மூடிவிட்டு எல்லா வாக்காளருக்கும் தபாலில் சீட்டு அனுப்புகின்றன. ஆரிகன் மாநிலம் 1980-களில் உள்ளூர்த் தேர்தல்களில் பரீட்சித்துப் பார்த்து, 1998-இல் மக்களிடமே கேட்டு, எல்லாத் தேர்தலையும் தபாலுக்கு மாற்றிவிட்டது. பிறகு வாஷிங்டன், கொலராடோ, யூட்டா, ஹவாய். சாவடிக்கு ஆள் போட வேண்டாம், செலவு குறையும், வேலைக்குப் போகிறவரும் ஓட்டுப் போடுவார் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். உறை மேல் வாக்காளர் போட்ட கையெழுத்தைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பலர் தபாலில் சேர்ப்பதுகூட இல்லை. அதற்கென்று தெருவில் வைத்த இரும்புப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

இங்கிலாந்தும் பார்த்தது. 2004 ஜூனில் நான்கு மண்டலங்களில் முழுத் தபால் தேர்தல் நடத்தினார்கள். வாக்களிப்பு கூடியது உண்மை. ஆனால் புகார்களும் கூடின. அந்த ஆண்டே அவர்களுடைய தேர்தல் ஆணையம் இனி இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தபால் ஓட்டு கேட்டு வாங்கும் வசதி மட்டும் நீடிக்கிறது. அதே மாதம் பர்மிங்காம் நகரசபைத் தேர்தலில் இரண்டு வார்டுகளில் தபால் சீட்டுகளைத் திரட்டிக் கள்ள ஓட்டுப் போட்டதை 2005-இல் தேர்தல் நீதிமன்றம் உறுதி செய்து, ஆறு கவுன்சிலர்களின் வெற்றியை ரத்து செய்தது.

நியூசிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் பல பத்தாண்டுகளாகத் தபாலில்தான். அங்கே வாக்களிப்பு இறங்கிக்கொண்டே போய் 2022-இல் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி நின்றது. தெருவில் தபால் பெட்டிகள் குறைந்துவிட்டதால் உறையைப் போட சூப்பர் மார்க்கெட்டுகளில் தனிப் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. நம் தபால் துறையும் 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. கடிதம் போடும் பழக்கம் போன பிறகு தேர்தலை மட்டும் கடிதத்தில் நடத்த முடியுமா?

*

நம்மூரில் தபால் ஓட்டு என்றதும் நினைவுக்கு வருவது டிவி. எண்ணிக்கை நாள் காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டுதான் முதலில். இயந்திரம் அரை மணி கழித்து. அந்த அரை மணியில் நாற்பது ஓட்டு முன்னிலையில் இருப்பவரை டிவிக்காரர்கள் முதல்வராகவே ஆக்கிவிடுவார்கள்.

உள்ளே மேசையில் நடப்பது வேறு. வெளி உறை, அதற்குப் பெயர் ‘ஆ’ உறை என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் திறக்கப்படும். அதற்குள் இரண்டு சமாச்சாரம் இருக்க வேண்டும்: 13-ஏ என்ற உறுதிமொழிப் படிவம், ஒட்டிய உள்ளுறை. படிவத்தில் வாக்காளர் கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, படிவத்தில் எழுதிய சீட்டு எண்ணும் உள்ளுறை மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று தவறினாலும் உள்ளுறையைத் திறக்கவே மாட்டார்கள். அந்த ஓட்டு யாருக்கு என்று எவருக்கும் தெரியாமலே தள்ளுபடிக் கட்டில் சேரும். படிவத்தைத் தவறிப்போய் உள்ளுறைக்குள் சீட்டோடு வைத்து ஒட்டியவர்களும் உண்டு. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், வருவாய்த் துறை ஊழியர்கள். படித்தவர்கள், தேர்தல் வகுப்புக்குப் போய் வந்தவர்கள்.

இவர்களே இப்படி என்றால், நாலு நிறச் சீட்டு, உள்ளுறை, வெளியுறை, படிவம், சான்றொப்பம் எல்லாவற்றையும் சித்தாமூர் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். குறை அவர்களுடையது ஆகாது. படிவம் எழுதியவர்களுடையது.

*

ராதாபுரம். இதைச் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன், தபால் ஓட்டைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

2016 சட்டமன்றத் தேர்தல். நெல்லைச் சீமையில் ராதாபுரம் தொகுதி. அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். அங்கே 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடி ஆகியிருந்தன. படிவத்தில் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது என்பது காரணம். அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தலைமை ஆசிரியர்களின் சான்றொப்பம் செல்லும், 203 ஓட்டையும் கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டையும் மறுபடி எண்ணுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. மூன்றே நாளில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணி முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தத் தடை நீங்குவதற்குள் சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிந்துவிட்டது. 2021-இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தேர்தல் வேலைக்குப் போன 203 பேர் ஒழுங்காக ஓட்டுப் போட்டு, ஒழுங்காக ஒரு தலைமை ஆசிரியரிடம் போய்க் கையெழுத்து வாங்கி, ஒழுங்காக அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வருடமும் அவர்கள் தொகுதிக்கு யார் எம்.எல்.ஏ.வாக இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு பச்சை மைச் சந்தேகத்தில் தொங்கியது.

இது இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதி. ஊராட்சி வார்டு என்றால் முந்நூறு, நானூறு ஓட்டு. அங்கே மூன்று ஓட்டில் ஜெயிப்பதும், சமமாக வந்து குலுக்கிப் போடுவதும் சாதாரணம். தபால் உறையின் ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று ஐந்து ஓட்டைத் தள்ளினால் ஊரே இரண்டாகும்.

*

இந்தியாவில் ‘தபால் ஓட்டு’ மெல்ல மெல்லத் தபாலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

ராணுவத்தாருக்கு 2016 முதல் சீட்டு மின்னணு வழியில் போகிறது. அவர்கள் அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். போகும் வழியில் தபால் இல்லை, வரும் வழியில் மட்டும் உண்டு. இதை முதலில் பரீட்சித்துப் பார்த்தது நம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியில் இருக்கும் புதுச்சேரியில், நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். தேர்தல் பணியாளர்கள் முன்பெல்லாம் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், எண்ணிக்கை நாள் காலைவரை வைத்திருந்து அனுப்பலாம். அந்த இடைவெளியில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2023-இல் விதியைத் திருத்தி, பயிற்சி நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தபால்காரர் வரவில்லை, அதிகாரிகளே பெட்டியோடு வருகிறார்கள்.

அமெரிக்க ஊர்கள் சாவடியைத் தபால் உறைக்குள் வைத்தன. நாம் சாவடியையே வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எனக்கு நம் வழிதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

*

2024 ஏப்ரல். மக்களவைத் தேர்தல் 19-ஆம் தேதி. அதற்கு முன்னால் வீடு தேடி வரும் ஓட்டு. மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், தெரிந்தவர் வீட்டில் எண்பத்தெட்டு வயது ஆயா. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருப்பவர். வீட்டிலிருந்து ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் 12-டி படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கைநாட்டு வாங்கிப் போயிருந்தார் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.). அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் வயது வரம்பை எண்பதிலிருந்து எண்பத்தைந்துக்கு உயர்த்தியிருந்தார்கள். ஆயா மயிரிழையில் தப்பித்தார்.

இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கும் ஒரு பையன். எந்த நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, கட்சிக்காரர்களுக்கும் பட்டியல் கொடுத்திருந்தார்கள். பேரனை வெளியே போகச் சொன்னார்கள். அவன் வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தான், போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மடக்கும் அட்டைத் தடுப்பைக் கட்டிலின் மேல் ஆயாவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அது சரிந்து விழுந்தது. தலையணையை முட்டுக்கொடுத்தார்கள்.

"மிஷின் எங்கப்பா?" என்றார் ஆயா.

"மிஷின் இல்ல பாட்டி. இந்தச் சீட்டுல, உங்களுக்குப் பிடிச்ச சின்னத்துக்கு நேரா பேனாவால டிக் போடுங்க."

"பீப்புனு சத்தம் வந்தாதான ஓட்டு வுழுந்த மாதிரி?"

பெண் அலுவலர் சிரித்துக்கொண்டே, "இதுவும் வுழுந்துடும் ஆயா, நான் பொறுப்பு" என்றார். குறியிட, மடிக்க, உள்ளுறையில் வைக்க, ஒட்ட, வெளியுறையில் வைக்க, ஒட்ட, பெட்டியில் போட பதினைந்து நிமிடம் பிடித்தது. வீடியோ பையன் ஆயாவின் முதுகுப் பக்கமாகவே நின்றான். சீட்டு படத்தில் விழக்கூடாது என்பது அவனுக்கு இட்ட கட்டளை.

ரகசியம் முழுக்கக் காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், ஓரளவு. அறையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் முந்தின ராத்திரி பேரன் ஆயா காதில் என்ன சொன்னான் என்று யார் கண்டது?

2021-இல் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் திமுக இந்த ஏற்பாட்டையே எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. ரகசியம் கெடும், முறைகேட்டுக்கு வழி என்பது வாதம். அந்த மார்ச் மாதமே மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். வாதத்தில் பாதி நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கட்டிலில் கிடப்பவரை வீட்டில் வைத்தே ஓட்டுப் போட வைப்பதா, ஓட்டே இல்லாமல் விடுவதா என்று வந்தால் நீதிமன்றம் செய்ததுதான் சரி.

*

அதே ஆயாவின் கணக்கைப் பார்ப்போம்.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல்: எண்பது தாண்டியவர், வீட்டிலிருந்தே போடலாம். 2021 அக்டோபர், ஊராட்சித் தேர்தல்: அந்த வசதி கிடையாது. சாவடிக்கு வர வேண்டும். ஆட்டோவிலோ, வேட்பாளர் அனுப்பும் காரிலோ. இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. 2024 மக்களவைத் தேர்தல்: மறுபடியும் வீட்டிலிருந்து.

டெல்லிக்கு யாரை அனுப்புவது என்று கேட்க அவர் கட்டில்வரை வருகிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் விடுகிறவரை, சுடுகாட்டுப் பாதையைச் சீர்செய்கிறவரை, தெருவிளக்கு மாற்றுகிறவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர் எழுந்து நடந்து வர வேண்டும். காரணம் எளிது. மக்களவை, சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம், 1961-ஆம் ஆண்டு விதிகளின்படி. 2019-இல் அந்த விதிகளைத் திருத்தி முதியோரைச் சேர்த்தார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில அரசின் விதிகளின்படி. ஊராட்சிக்கு அது 1995-ஆம் ஆண்டு விதி. 2021, 2022 உள்ளாட்சித் தேர்தல்களில் தபால் ஓட்டு தேர்தல் வேலைக்குப் போனவர்களுக்குத்தான் கிடைத்தது. கொரோனா நோயாளிகளைக்கூடக் கடைசி ஒரு மணி நேரத்தில், ஐந்திலிருந்து ஆறுக்குள், சாவடிக்கு வரச் சொன்னார்கள்.

பக்கத்து கேரளம் அப்படிச் செய்யவில்லை. 2020 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலுக்காகச் சட்டத்தையே திருத்தி, கொரோனா நோயாளிகளையும் தனிமையில் இருந்தவர்களையும் ‘சிறப்பு வாக்காளர்’ ஆக்கி, பாதுகாப்பு உடை போட்ட அலுவலர்களைச் சீட்டோடு வீடு வீடாக அனுப்பினார்கள். பீகார் 2025 ஜூனில் நகராட்சித் தேர்தலில் செல்போன் செயலி வழியாகவே ஓட்டுப் போட வைத்தது. குஜராத்தில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே மாநகராட்சித் தேர்தலில் இணைய வழியைத் திறந்து பார்த்தார்கள், சீந்தியவர்கள் சொற்பம். செல்போன் வழி எனக்கு உவப்பில்லை. ஆனால் உள்ளாட்சிச் சட்டத்தை மாநிலமே திருத்த முடியும் என்பதற்கு இவை சாட்சி.

*

முழுத் தபால் தேர்தல் இந்தக் கடற்கரைக்கு ஏன் ஆகாது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் கல்வியறிவோ முகவரியோ அல்ல. முகவரிச் சிக்கல் உண்டுதான். குப்பங்களில் பழைய நம்பர், புது நம்பர், சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டின் நம்பர் என்று ஒரு வீட்டுக்கு மூன்று நம்பர் இருக்கும். ஆனால் கிராமத் தபால்காரருக்கு நம்பர் வேண்டாம், பெயர் போதும். அதெல்லாம் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது இரண்டு.

ஒன்று, காசு. வாங்கிக்கொண்டு வேறொருவருக்குக் குத்துவது நம் வாக்காளரின் கடைசிச் சுதந்திரம். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலை நிறுத்திய மாநிலம் இது. கொடுக்கிறவருக்குப் பெரிய தலைவலியே, வாங்கியவர் தடுப்புக்குப் பின்னால் போய் என்ன செய்தார் என்று தெரியாததுதான். சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது. குத்திக் காட்டு, போட்டோ எடுத்து அனுப்பு, இல்லாவிட்டால் வெற்றுச் சீட்டாகவே கொடுத்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விலைகூட ஏறும்.

இரண்டு, ஊர்க் கட்டுப்பாடு. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின், அதாவது நாட்டாரின், சொல்லுக்கு மதிப்பு உண்டு. அது பல நேரம் நல்லதே செய்கிறது. கடலில் தகராறு என்றால், படகு கவிழ்ந்து ஆள் இறந்தால், நிவாரணம் பங்கிட வேண்டும் என்றால் முதலில் கூடுவது அதுதான். ஆனால் ‘ஊர் இன்னாருக்குப் போடணும்னு பேசி முடிச்சிருக்கு’ என்று ஆன பிறகு, அதை மீற நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே இடம் அந்த மூன்று பக்க அட்டைத் தடுப்பு. ஒரு நிமிடம். புருஷன் இல்லை, மாமியார் இல்லை, நாட்டார் இல்லை. அந்த ஒரு நிமிடத்தைத் தபால் உறை கொடுக்காது. உள்நாட்டுக் கிராமங்களில் நாட்டாருக்குப் பதில் வேறு பெயர், அவ்வளவுதான். தலைவர் பதவியையே ஏலம் விடும் ஊர்கள் உள்ள நாட்டில் சீட்டுகளைக் கூடையில் திரட்டுவது எத்தனை நேரமாகும்?

*

மறுபக்கமும் எழுத வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம். எல்லாம் திருப்போரூர் ஒன்றியத்து ஊராட்சிகள். இருபது மாடி அடுக்ககங்கள் நிற்கும் இடத்துக்குக் கிராம ஊராட்சித் தலைவர்தான் பொறுப்பு. குப்பை, கழிவுநீர், தண்ணீர் லாரி எல்லாம் அவர் தலையில். மேலே குடியிருப்பவர்களில் பலருக்குத் தலைவர் பெயர் தெரியாது. அவர்கள் பெயர் மதுரையிலோ கோவையிலோ வாக்காளர் பட்டியலில் இருக்கும், இங்கே மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றியவர்களும் வரிசையில் நிற்க வரமாட்டார்கள்.

2022 பிப்ரவரி 19 நகர்ப்புறத் தேர்தலில் மாநிலம் முழுக்க 60.70 சதவீதம், சென்னையில் 43.59. ஊராட்சித் தேர்தலில் எழுபதுக்கு மேல் சாதாரணம். சீட்டைத் தபாலில் அனுப்பினால் அடுக்ககத்துக்காரர் ஓட்டு கூடும், சந்தேகமில்லை. உறை, படிவம், கையெழுத்து எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அதே நடைமுறையில் பழைய கிராமத்தார் ஓட்டுதான் அதிகம் தள்ளுபடி ஆகும். அந்த ஊராட்சிகளில் யார் கை ஓங்கும் என்பதையே ஒரு தபால் உறை மாற்றிவிடும். நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

*

இலங்கைச் செய்தி ஒன்று. அங்கே அரசு ஊழியர்கள் தபால் மூலம், தேர்தலுக்கு முன்பாகவே தங்கள் அலுவலகங்களில் வாக்களிக்கிறார்கள். 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தலுக்காகப் பிப்ரவரியில் தபால் வாக்களிப்பு நடந்திருக்க வேண்டும். அச்சகத்துக்குப் பணம் தரவில்லை என்று சீட்டு அச்சாகவில்லை. தபால் வாக்களிப்பு தள்ளிப்போக, அதோடு தேர்தலே தள்ளிப்போனது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்றது. தேர்தல் நடந்தது 2025 மே 6 அன்று. ஒரு தேர்தலை நிறுத்த வேண்டும் என்று நினைப்பவருக்குச் சீட்டு அச்சடிக்காமல் இருந்தாலே போதும்.

*

உத்திரமேரூரைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் யாரும் தேர்தலைப் பற்றி எழுதுவதில்லை, நானும் தப்பவில்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். குடவோலையை ஓட்டுப்பெட்டி என்று மேடையில் பேசுவார்கள். அது ஓட்டல்ல, குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்குத்தான் அத்தனை விதி: நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. பிரம்மதேயச் சபை அது, ஊரில் பாதிப் பேருக்குக் கதவு மூடியே இருந்தது.

என்னை அங்கே நிறுத்துவது வேறொன்று. கல்வெட்டு இரண்டு. பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் ஒன்று. பதினான்காம் ஆண்டில், 921-இல் இன்னொன்று. முதலில் வயது முப்பதிலிருந்து அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. இரண்டே வருடத்தில், முதல் விதி சரிவரவில்லை என்று கண்டு, உட்கார்ந்து திருத்தி, மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

*

ஆக, என் கட்சி இது. ஊராட்சித் தேர்தலை முழுக்கத் தபாலுக்கு மாற்ற வேண்டாம். தடுப்புக்குப் பின்னால் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தை எவரும் இழக்க வேண்டாம். நடக்க முடிந்தவர் நடந்து வரட்டும். நடக்க முடியாதவரிடம் பெட்டி போகட்டும்.

அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 12-டி படிவம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பழகிய அலுவலர்கள் இருக்கிறார்கள், வேன் இருக்கிறது, அட்டைத் தடுப்பு இருக்கிறது. சீட்டு ஒன்றுக்குப் பதில் நாலு, அவ்வளவுதான். சான்றொப்பச் சங்கடம்கூடக் கிடையாது, அலுவலரே நேரில் இருக்கிறார். ஓர் ஊராட்சிக்கு எண்பத்தைந்து தாண்டியவர்களும் படுத்த படுக்கையான மாற்றுத் திறனாளிகளும் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு நாள் வேலை.

செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 20 அன்று பதவியேற்ற ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த பெட்டி வருவதற்குள் மாநிலத் தேர்தல் ஆணையமும் ஊரக வளர்ச்சித் துறையும் 1995 விதிகளில் ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும்; நகராட்சிகளுக்கான விதிகளிலும் அதையே செய்ய வேண்டும். கிராம சபை கூடும் நாளில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுக்க உங்கள் ஊரில் யாருக்கும் தடையில்லை.